சுவரில் ஒரு கட்டம் காலி: 800 மீட்டருக்கு யார் படம்?

பாடாங் டீச்சர் | வியாழன், இரவு 9:40

தாப்பா வட்டாரத்து அன்பர்களுக்கு வணக்கம். எங்கள் பள்ளியின் பக்கச் சுவரில் விளையாட்டு வீரர்களின் படங்களை வரைந்துகொண்டிருக்கிறோம். சாயத்துக்குப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் காசு கொடுத்துவிட்டது. மொத்தம் ஐந்து கட்டம். நான்கு முடிந்துவிட்டது: கால்பந்துக்கு மொக்தார் டஹாரி, பூப்பந்துக்கு லீ சோங் வெய், ஸ்குவாஷுக்கு நிக்கோல் டேவிட், விரைவோட்டத்துக்கு டாக்டர் எம். ஜெகதீசன். ஐந்தாவது இன்னும் வெள்ளையாகவே கிடக்கிறது.

ஆசிரியர் அறையில் கேட்டால் எல்லாரும் உசேன் போல்ட் என்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. காரணம் ஆறாம் ஆண்டில் படிக்கும் ஒரு பிள்ளை. நூறு மீட்டர் ஓடவிட்டால் கடைசிக்கு முதல் ஆளாக வருவாள். போன மாதம் குறுக்கோட்டத்தில் ஆண் பிள்ளைகளையும் சேர்த்து எல்லாரையும் முந்திவிட்டாள். முடித்துவிட்டு வந்து, மைலோவைக் கையில் பிடித்துக்கொண்டே என்னைக் கேட்டாள்: "டீச்சர், நான் வேகமா, மெதுவா?"

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவளைப் போல ஓடி ஜெயித்த ஒருவர் அந்தச் சுவரில் இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றுகிறது. நடுத்தூர ஓட்டம், 800 அல்லது 1500. யாரைப் போடலாம்?

லோரிக்காரன் | வியாழன், இரவு 9:52

போல்ட்டையே போட்டுவிடுங்கள் டீச்சர். வில்லை வளைப்பது போல இரண்டு கையையும் நீட்டினால் போதும், மூஞ்சி சரியாக வராவிட்டாலும் யாரென்று தெரிந்துவிடும். 800 ஓடுகிறவன் எப்படிக் கை காட்டுவான் என்று யாருக்குத் தெரியும்?

ஸ்டாப்வாட்ச் | வியாழன், இரவு 10:15

டீச்சர், பி. ராஜ்குமார். வேறு பேச்சே வேண்டாம்.

1985 செப்டம்பர், ஜகார்த்தா, ஆசியத் தடகளப் போட்டி. 800 மீட்டரில் தங்கம், நேரம் 1:47.37. மலேசியாவின் அந்தத் தேசியச் சாதனை 30 ஆண்டுக்கும் மேலாக யாரும் தொடாமல் நின்றது. நான் பேராக் பள்ளிகள் போட்டிக்காக 800 ஓடிய காலத்தில் எங்கள் பயிற்சியாளர் அந்த எண்ணை ஓர் அட்டையில் எழுதிச் சாமான் அறைக் கதவில் ஒட்டியிருந்தார். தினமும் ஓடி முடித்துக் கூம்புகளை உள்ளே வைக்கப் போகும்போது அது கண்ணில் படும். அன்றைக்கு ராத்திரி சோறு இறங்காது.

என்னுடைய சிறந்த நேரம் 2:01. கேட்க மோசமில்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். அவர் கோட்டைத் தொடும்போது நான் இன்னும் தொண்ணூறு மீட்டர் பின்னால், கடைசி வளைவைவிட்டு வெளியே வந்திருக்கவே மாட்டேன். அவர் சப்பாத்தைக் கழற்ற ஆரம்பித்திருப்பார்.

தே ஓ கோசோங் | வியாழன், இரவு 10:31

பொய் சொல்லாமல் சொல்கிறேன், இந்தப் பெயரை இப்போதுதான் கேள்விப்படுகிறேன். எனக்கு 22 வயது, தாப்பாவிலேயே பிறந்து வளர்ந்தவன், ஓட்டப் பந்தயம் பிடித்தவன் வேறு. ஆசியாவிலேயே முதல் ஆள் நம் நாட்டுத் தமிழர். அது எப்படி எனக்குத் தெரியாமல் போனது?

செம்பனை | வியாழன், இரவு 10:48

எப்படித் தெரியும் தம்பி? நம் ஆள் என்றால் ஜெயித்த அன்றைக்கு மாலை, மறுநாள் மறதி. நான் 1990களில் மாவட்டத்துக்கு 1500 ஓடியவன். மாநிலப் போட்டிக்குப் பெயர் வந்தது. பஸ் காசு வேண்டும் என்று கடிதத்தோடு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். அடுத்த வாரம் வா என்றார்கள். அடுத்த வாரம் போனேன், போட்டி முடிந்துவிட்டது என்று அவர்களே எனக்குச் செய்தி சொன்னார்கள். இதுதான் நம் கதை.

ஸ்டாப்வாட்ச் | வியாழன், இரவு 11:05

அண்ணே, உங்கள் பஸ் காசு விஷயம் வயிற்றெரிச்சல்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் எல்லாவற்றையும் அந்த ஒரே மூட்டையில் கட்டினால் கணக்கு உதைக்கிறது. டாக்டர் ஜெகதீசனும் நம் ஆள்தான். 1966ல் பேங்காக் ஆசிய விளையாட்டில் 100, 200, அஞ்சல் ஓட்டம் என்று மூன்று தங்கம் வாங்கினார். அவரை மறக்கவில்லையே, டீச்சரின் சுவரிலேயே இருக்கிறார். 1998ல் கோலாலம்பூர் காமன்வெல்த்தில் 50 கிலோமீட்டர் நடையில் தங்கம் வாங்கிய ஜி. சரவணனையும் சொன்னால் என் அம்மாவுக்கே தெரியும்.

என் கட்சி என்னவென்றால், 800ஐப் பார்க்கத் தெரிந்தவர்கள் கம்மி. நூறு மீட்டருக்கு உலகத்திலேயே வேகமானவன் யார் என்பது கேள்வி. மாரத்தானுக்கு யார் தாங்குவான் என்பது கேள்வி. 800க்கு என்ன கேள்வி? சொல்லுங்கள் பார்ப்போம்.

அதைவிட முக்கியம் ஒன்று இருக்கிறது. ராஜ்குமார் தங்கம் வாங்கிய அதே ஜகார்த்தாப் போட்டியில்தான் பி.டி. உஷா ஐந்து தங்கம் வாங்கினார். 100, 200, 400, தடை தாண்டும் 400, அப்புறம் நாலு பேர் ஓடும் 4x400 அஞ்சல் ஓட்டம். அது போதாதென்று ஒரு வெண்கலம். ஒரே வாரத்தில், ஒரே அரங்கில்! பேப்பர்க்காரன் யார் படத்தைப் போடுவான்?

லோரிக்காரன் | வியாழன், இரவு 11:11

இப்போதுதான் புரிகிறது. என் வீட்டுக்காரி பெயர் உஷா. 86ல் பிறந்தவள். அவள் வகுப்பில் மட்டும் மூன்று உஷா இருந்தார்களாம். ராஜ்குமார் என்று எனக்கும் நாலு பேரைத் தெரியும், ஆனால் நாலு பேருக்கும் சினிமாவைப் பார்த்து வைத்த பெயர்.

பழைய மண்டோர் | வெள்ளி, காலை 5:20

வணக்கம். தோட்டத்தில் விடிகாலைப் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) எழுந்த பழக்கம், இன்னும் இந்த நேரத்துக்கே விழிப்பு வருகிறது. ராத்திரி நடந்த பேச்சை எல்லாம் படித்தேன். எல்லாரும் ஜகார்த்தாவுக்குப் போய்விட்டீர்கள். தாப்பாவிலேயே ஆள் இருக்கும்போது எதற்கு அவ்வளவு தூரம்?

எம். ராஜாமணி. 1943ல் இந்தத் தாப்பாவில் பிறந்தவர். 1964ல் தோக்கியோ ஒலிம்பிக்கில் ஓடினார். மலேசியா என்ற பெயரில் ஒலிம்பிக்கில் ஓடிய முதல் பெண் அவர்தான். 1966ல் பேங்காக்கில் 400 மீட்டரில் தங்கம். அந்த வருசம்தான் நாட்டின் சிறந்த விளையாட்டாளர் விருதை முதன்முதலாகக் கொடுத்தார்கள். ஆண்களில் ஜெகதீசன், பெண்களில் ராஜாமணி. டீச்சர் அம்மா, கோபித்துக்கொள்ளாதீர்கள், ஜோடியில் ஒருவரை மட்டும் வரைந்துவிட்டு ஐந்தாவதுக்கு ஆள் தேடுகிறீர்கள்.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. எங்கள் தோட்டத்தில் முடிதிருத்துகிறவர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை தொழிலாளர் லயத்துக்கு வருவார். ஆயாக்கொட்டகைக்குப் பக்கத்தில் மாமரத்தடியில் ஒரு நாற்காலி, ஒரு கண்ணாடி, அதுதான் கடை. கண்ணாடியின் ஓரத்தில் எம்.ஜி.ஆர். படம் செருகியிருக்கும். அந்த வாரம் அதற்கு எதிர் ஓரத்தில் பேப்பரிலிருந்து வெட்டிய ராஜாமணி படம். முடிவெட்ட உட்கார்ந்தவன் எல்லாம் தலையை ஆட்டி ஆட்டிப் பார்க்க, அவர் மண்டையில் ஒரு குட்டு வைத்து நேராக உட்கார வைப்பார்.

என் அம்மா பால்மரம் (ரப்பர் மரம்) சீவுகிறவர். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "இந்தப் பிள்ளைக்கு ஓடுறதுக்குக் காசு குடுக்கிறாங்களா?" என்று கேட்டார். காசில்லை, மெடல் என்றேன். "நானும்தான் ஓடுறேன், எனக்கு யாரு குடுத்தா?" என்றார். தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு அது விளங்கும். ஐந்நூறு மரம் சீவிவிட்டுக் கொஞ்சம் உட்காரலாம் என்னும்போது வானம் இருட்டும். மழை விழுந்தால் கோப்பையில் இருக்கும் பால் அத்தனையும் தண்ணீர், அன்றைய சம்பளம் போச்சு. வாளியைத் தூக்கிக்கொண்டு மரத்துக்கு மரம் ஓட வேண்டும். முழு வேகத்தில் ஓடினால் வாளி தளும்பும். நடந்தால் மழை முந்திக்கொள்ளும். அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு ஓட்டம் இருக்கிறது. ஸ்டாப்வாட்ச் தம்பி 800க்கு என்ன கேள்வி என்று கேட்டாரே, என் அம்மாவைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

பாடாங் டீச்சர் | வெள்ளி, காலை 6:35

ஐயா, பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் படித்தேன், வாசலிலேயே நின்றுவிட்டேன். ராஜாமணி தாப்பாக்காரர் என்பது எனக்குத் தெரியாது. நான் இங்கே மாற்றலாகி வந்து ஒன்பது வருடம் ஆகிறது. ஒருவர்கூடச் சொன்னதில்லை.

ஸ்டாப்வாட்ச் | வெள்ளி, மதியம் 1:10

ஐயாவுக்கு முன்னால் வாய் திறக்கக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் ஒரு சின்ன வழக்கு. 400 மீட்டரை நடுத்தூரத்தில் சேர்க்க மாட்டார்கள், அது விரைவோட்டக் கணக்கு.

சரி, இதை எழுதிவிட்டு ராஜாமணியின் பட்டியலை மறுபடி நினைத்துப் பார்த்தால் வழக்கு என் பக்கமே திரும்புகிறது. 1965ல் கோலாலம்பூரில் சீப் போட்டி (தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டு) நடந்ததே, அதில் அவர் 400 மட்டுமல்ல, 800 மீட்டரிலும் தங்கம் வாங்கியிருக்கிறார். அந்தக் காலத்தில் பெண்கள் 800 ஓடுவதே பெரிய சங்கதி. 1928ல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் ஒரு தடவை ஓடவிட்டார்கள். பெண்கள் களைத்து விழுகிறார்கள், உடம்புக்கு ஆகாது என்று சொல்லி உடனே தூக்கிவிட்டார்கள். திரும்பவும் 1960ல்தான் ஒலிம்பிக்கில் சேர்த்தார்கள். நடுவில் 32 வருடம்! அது திரும்பி வந்த ஐந்தாவது வருடத்தில் தாப்பாவில் பிறந்த ஒரு பெண் கோலாலம்பூரில் அந்தத் தூரத்தை ஓடி முதலாவதாக வருகிறார். அவருக்கு முன்னால் பார்த்துக் கற்றுக்கொள்ள யார் இருந்திருப்பார்கள்?

என் ஓட்டு இன்னும் ராஜ்குமாருக்குத்தான். ஆனால் நேற்று இருந்த உறுதி இல்லை.

தே ஓ கோசோங் | வெள்ளி, மாலை 6:22

நேற்று ராத்திரி தூங்கவில்லை. பழைய 800 ஓட்டங்களாகத் தேடிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஒன்று தோன்றியது, பெரியவர்கள் திருத்துங்கள்.

இங்கிலாந்தில் செபாஸ்டியன் கோ, ஸ்டீவ் ஓவெட் என்று இரண்டு பேர். கோ 1979ல் 41 நாளுக்குள் மூன்று உலகச் சாதனை: 800, மைல், 1500. ஓவெட் 1500லும் மைலிலும் தொடர்ந்து 45 பந்தயம் தோற்கவில்லை. 1980 மாஸ்கோவில் 800 கோவுடையது என்று உலகமே சொன்னது, ஓவெட் ஜெயித்தார். ஒரு வாரம் கழித்து 1500 ஓவெட்டுடையது என்று உலகமே சொன்னது, கோ ஜெயித்தார். (நம் நாடு அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது. தகுதி பெற்ற கால்பந்து அணியும் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தது.)

ஒருவர் பேப்பர்க்காரர்களிடம் அழகாகப் பேசுவார், இன்னொருவர் வாயே திறக்க மாட்டார். ஒருவரின் அப்பா என்ஜினியர், மகனுக்கு அவரே பயிற்சியாளர். இன்னொருவரின் அப்பா சந்தையில் கடை போடுகிறவர். ஊரே இரண்டு கட்சி. ரஜினி, கமல் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். கோ அதற்கப்புறம் எம்.பி. ஆனார், லண்டன் ஒலிம்பிக்கை நடத்தினார், உலகத் தடகளத்துக்கே தலைவரானார். ஓவெட் பெயரைச் சொல்லாமல் கோவின் கதையை இன்றைக்கும் யாராலும் சொல்ல முடியவில்லை.

என் கேள்வி: ராஜ்குமாருக்கு ஓவெட் யார்? ஜெயித்தவர் பெயர் தெரிகிறது. தோற்றவர் யாரென்று இந்த இழையில் ஒருவராவது சொன்னீர்களா? எதிராளி இல்லாத ஹீரோவை யார் பார்ப்பார்கள்?

செம்பனை | வெள்ளி, இரவு 8:05

தம்பி நன்றாக எழுதுகிறார். கோவுடைய அம்மாவழித் தாத்தா பஞ்சாபி என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே போய் ஓடினால் லார்ட் பட்டம் கொடுக்கிறார்கள்.

ஸ்டாப்வாட்ச் | வெள்ளி, இரவு 8:30

தம்பி சொன்னது பாதி சரி. ஆனால் தோற்றவனும் பேர் வாங்கலாம். 1976ல் மொன்றியால் 800 இறுதியில் கியூபாவின் ஹுவான்டொரேனா உலகச் சாதனையோடு ஜெயித்தார். அதில் முதல் சுற்று முழுக்க முன்னால் இழுத்துக்கொண்டு போனவர் இந்தியாவின் ஸ்ரீராம் சிங். கடைசியில் ஏழாவதாக வந்தார். ஆனால் 1:45.77. அந்த இந்தியச் சாதனையை உடைக்க 2018 வரை, 42 வருடம் ஆனது. தங்கமும் இல்லை, வெள்ளியும் இல்லை, ஆனால் 800 ஓடுகிறவர்களுக்கு ஸ்ரீராம் சிங் என்றால் யாரென்று தெரியும்.

லண்டன் 2012 ஓட்டத்தையும் பார்த்திருப்பீர்களே? கென்யாவின் ருடிஷா 1:40.91. முன்னால் வேகம் கூட்டிக் கொடுக்க ஆளே இல்லாமல் முதல் அடியிலிருந்து தானே இழுத்தார். முதல் சுற்று 49.28, இரண்டாவது 51.63. அன்றைக்குக் கடைசியாக, எட்டாவதாக வந்தவரின் நேரம் 1:43.77. அந்த நேரத்துக்கு அதற்கு முந்தைய மூன்று ஒலிம்பிக்கிலும் தங்கமே கிடைத்திருக்கும். எட்டாவது ஆள்! பெயர் கேட்டால் நானே யோசிக்க வேண்டும்.

புதுக்கோட்டை மருமகள் | வெள்ளி, இரவு 10:02

எல்லாரும் பேசுவதைப் படித்துக்கொண்டிருந்தேன், எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நான் கல்யாணம் ஆகி இங்கே வந்தவள். எங்கள் பிறந்த மாவட்டத்திலும் ஒரு 800 மீட்டர் இருக்கிறது.

சாந்தி சௌந்தரராஜன். கத்தக்குறிச்சி. அப்பா அம்மா செங்கல் சூளையில் வேலை செய்தவர்கள். 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டில் 800ல் வெள்ளி. எங்கள் பக்கத்தில் வெடி வெடித்தார்கள். சில நாளில் டி.வி.யில் வேறு செய்தி. பெண்ணா என்று பரிசோதனை செய்தார்களாம், தேறவில்லையாம், பதக்கத்தைப் பிடுங்கிவிட்டார்களாம். ஊர் முழுக்க அந்தப் பெண்ணின் உடம்பைப் பற்றித்தான் பேச்சு. டீக்கடையில், பஸ்ஸில், பள்ளிக்கூடத்தில். ஓடியதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. அன்றைக்கு முதல்வர் கருணாநிதி பரிசுப் பணம் 15 லட்சத்தை நிறுத்தாமல் கொடுத்தார், அதை மட்டும் சொல்லியாக வேண்டும். பின்னால் அவர் செங்கல் சூளைக்கே வேலைக்குப் போனார் என்றும் செய்தி வந்தது. அப்புறம் பயிற்சியாளர் ஆனார்.

அவர் பேர் தெரியாதவர்கள் எங்கள் ஊரில் இல்லை. ஆசியாவில் இரண்டாவதாக வந்தவர் பேர் அப்படியா தெரிய வேண்டும்? ராஜ்குமாரைக் கொஞ்சம் பேருக்குத்தான் தெரியும் என்று வருத்தப்படுகிறீர்கள். தெரிந்த வரைக்கும் அவரை ஓடியதற்காகத் தெரிகிறதே, அது போதும் என்று எனக்குத் தோன்றுகிறது.

லோரிக்காரன் | வெள்ளி, இரவு 10:10

அக்கா, நீங்கள் எழுதியதற்குக் கீழே எனக்குக் கிண்டல் வரவில்லை. சுவரில் இன்னொரு கட்டம் போட முடியாதா டீச்சர்?

பாடாங் டீச்சர் | வெள்ளி, இரவு 10:40

சுவர் இவ்வளவுதான், பக்கத்தில் கழிப்பறை வந்துவிடுகிறது.

இன்று வகுப்பில் 1:47.37 என்று பலகையில் எழுதினேன். பிள்ளைகளுக்கு அது ஒரு எண், அவ்வளவுதான். ஒருவன் "பஸ் நம்பரா டீச்சர்?" என்றான். இதைப் பன்னிரண்டு வயதுக்கு எப்படி விளக்குவது?

ஸ்டாப்வாட்ச் | வெள்ளி, இரவு 11:20

எட்டால் வகுத்துச் சொல்லுங்கள். 800 என்பது எட்டு நூறு மீட்டர். 107.37 விநாடியை எட்டால் வகுத்தால் 13.4. அதாவது நூறு மீட்டரை 13.4 விநாடியில் ஓட வேண்டும். நம் பாடாங் திடலில் அப்படி ஓடினால் பெரிய பையன்களிலும் பாதிப் பேர் பின்னால் நிற்பார்கள். முடித்தவுடன் நிற்காமல் இன்னொரு 13.4. இன்னொன்று. எட்டு.

முதல் வளைவு முடியும் வரை அவரவர் கோட்டுக்குள் ஓட வேண்டும். அதற்குப் பிறகுதான் எல்லாரும் உள்கோட்டுக்கு இறங்குவார்கள். இடி, முழங்கை, காலில் ஆணிச் சப்பாத்து, எல்லாம் அங்கேதான். உடம்பு பாதிக்கு மேல் மூச்சில் ஓடுகிறது, மிச்சத்தைக் கடன் வாங்கி ஓடுகிறது. அறுநூறு மீட்டரில் கடைக்காரன் நோட்டைத் திறப்பான். கடைசி நூறில் வட்டியோடு கேட்பான். தொடை கல்லாகும், தோள் காதுக்கு ஏறும், கை யாருடையதோ போல ஆடும். அந்த நேரத்தில் வேகம் கூட்டுவது போலத் தெரிபவன் உண்மையில் கூட்டவே இல்லை. மற்றவர்களை விடக் குறைவாக வேகம் இழக்கிறான், அவ்வளவுதான். டி.வி.யில் பார்க்கிறவனுக்கு அது தெரியாது. அதனால்தான் சொன்னேன், பார்க்கத் தெரிந்தவர்கள் கம்மி என்று.

ஓடிப் பார்த்தால் தெரிந்துவிடும். நாளை சனிக்கிழமைதானே?

தே ஓ கோசோங் | வெள்ளி, இரவு 11:24

நான் வருகிறேன். நூறு மீட்டர் 13.4 என்னால் முடியும்.

லோரிக்காரன் | வெள்ளி, இரவு 11:26

நானும். கேமரன் மலைக்கு லோடு மதியம்தான்.

லோரிக்காரன் | சனி, காலை 11:48

அறிக்கை. இதைப் படுத்துக்கொண்டே எழுதுகிறேன்.

காலை ஏழரைக்குப் பாடாங்கில் ஆறு பேர். புல்லில் பனி காயவில்லை. டீச்சர் சுண்ணாம்புக் கோடு போட்டு வைத்திருந்தார், ஒரு சுற்று 200 மீட்டர், நாலு சுற்று. மண்டோர் ஐயா குடையோடு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். ஸ்டாப்வாட்ச் ஜொகூரிலிருந்து போனில் வந்து, போனை வேலிக் கம்பியில் கட்டச் சொல்லி, அங்கிருந்தே அதிகாரம் பண்ணினார். அந்தப் பிள்ளையும் அவள் அப்பாவோடு வந்திருந்தாள். காலில் சப்பாத்து இல்லை. போட்டால் கனமாக இருக்கிறதாம்.

என் ஓட்டம் நூற்றைம்பது மீட்டர். அதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை. வலது தொடையில் ஏதோ பட்டென்று இழுத்தது, அப்படியே கோல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டேன்.

கோசோங் தம்பி ஆணிச் சப்பாத்து எல்லாம் கடன் வாங்கி வந்திருந்தார். முதல் நூறு 13.8. நாங்கள் கை தட்டினோம். இருநூறைத் தாண்டும்போது 30. ஸ்டாப்வாட்ச் போனில் கத்துகிறார், "ராஜ்குமார் இப்போது உன்னைவிட இருபது மீட்டர் முன்னால் இருக்கிறார்!" தம்பி இன்னும் வேகம் கூட்டிப் பார்த்தார். முந்நூறுக்குப் பக்கத்தில் ஓட்டம் நடையாகிவிட்டது, நடை உட்காருவதாகிவிட்டது. கொஞ்ச நேரம் புல்லில் மல்லாந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். குடிக்கத் தே ஓ வேண்டுமா என்று கேட்டேன். கையை மட்டும் ஆட்டினார்.

அந்தப் பிள்ளையும் அவர்கூடத்தான் கிளம்பினாள். யாரும் அவளைப் பார்க்கவில்லை, எல்லார் கண்ணும் தம்பி மேல். தம்பி உட்கார்ந்த இடத்தை அவள் கடந்து போனபோதுதான் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறாள் என்பதே உறைத்தது. ஒரே மாதிரி. பாதம் தரையில் படும் சத்தம்கூட ஒரே மாதிரி. நாலு சுற்றும் முடித்தாள். 2 நிமிடம் 58. டீச்சர் சுற்றுச் சுற்றாக எழுதி வைத்திருந்தார்: 44, 45, 45, 44.

போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் ஸ்டாப்வாட்ச், "இன்னொரு தடவை படியுங்கள்" என்றார். டீச்சர் படித்தார். "கடைசிச் சுற்றையுமா?" என்றார்.

பழைய மண்டோர் | சனி, மதியம் 12:30

நான் பார்த்தேன். வாளி தளும்பவில்லை.

தே ஓ கோசோங் | சனி, மதியம் 2:15

உயிரோடு இருக்கிறேன். அந்தப் பிள்ளை முடித்துவிட்டு என்னிடம் வந்து குனிந்து பார்த்தது. அப்புறம் டீச்சரிடம் போய், "அண்ணன் முதல்லயே எல்லாத்தையும் செலவு பண்ணிட்டாரு டீச்சர்" என்றது. என் வாழ்நாளில் இப்படி ஒரு அவமானம் பட்டதில்லை.

பாடாங் டீச்சர் | சனி, இரவு 8:50

எல்லாருக்கும் நன்றி. ஸ்டாப்வாட்ச் சார் கோபித்துக்கொள்ளக் கூடாது, கட்டத்தில் ராஜாமணியைத்தான் வரைகிறோம். ஜெகதீசனுக்குப் பக்கத்திலேயே வருகிறது, மண்டோர் ஐயாவின் வழக்கும் தீர்ந்தது.

இப்போது வேறு சிக்கல். வரைகிறவர் அந்தக் காலத்துத் தெளிவான படம் ஒன்று வேண்டும் என்கிறார். முகம் மட்டும் போதாது, ஓடுகிற படமாக இருக்க வேண்டும். பழைய பேப்பர், விழா மலர் ஏதாவது யார் வீட்டுப் பெட்டியிலாவது இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் பள்ளிக்குக் கொண்டு வாருங்கள். ஐயா, அந்தக் கண்ணாடியில் செருகியிருந்த படம் என்ன ஆனது?

பழைய மண்டோர் | ஞாயிறு, காலை 5:15

அந்தத் தோட்டமே செம்பனையாகி, லயத்தை இடித்து வருசக்கணக்காகிறது அம்மா. முடிதிருத்துகிறவரின் மகன் பீடோரில் இருக்கிறார் என்று கேள்வி. இன்று போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். அப்பாவின் சாமான்களை அவர் தூக்கிப் போடுகிற ஆள் இல்லை.

ஸ்டாப்வாட்ச் | ஞாயிறு, காலை 9:02

கோபமில்லை டீச்சர். ஒரே ஒரு வேண்டுகோள். கட்டம் காலியாக இருக்கும் வரைக்கும் அதில் சுண்ணக்கட்டியால் 1:47.37 என்று எழுதி வையுங்கள். வெள்ளி வரைக்கும்தான்.

பாடாங் டீச்சர் | திங்கள், மதியம் 1:40

எழுதியாயிற்று. நான் எழுதவில்லை, அந்தப் பிள்ளை நாற்காலி மேல் ஏறி எழுதினாள். அதற்குக் கீழே சின்னதாக 2:58 என்றும் எழுதியிருக்கிறாள். இறங்கி வந்தபின்தான் கவனித்தேன். அழிக்கச் சொல்லவில்லை.

லோரிக்காரன் | திங்கள், இரவு 9:15

தொடை இன்னும் இழுக்கிறது. எண்ணெய் தேய்த்துவிட்டுக்கொண்டே வீட்டுக்காரி சிரிக்கிறாள். உஷா என்று பேர் வைத்தவர்களைச் சொல்ல வேண்டும். மண்டோர் ஐயா, பீடோர் போனீர்களே, படம் கிடைத்ததா?